நாலாவது பாடம்

என் தங்கையின் மகள் தாவரவியல் மாணவி. வருகிற தவணையைச் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் கழிக்கும் வாய்ப்பு, பரிமாற்ற ஏற்பாடு ஒன்றினால் அவளுக்குக் கிடைத்திருக்கின்றது. சென்ற ஞாயிறன்று பாடத்தெரிவுப் படிவத்தைக் கொணர்ந்து காட்டினாள். நான்கு பாடங்கள் குறித்திருந்தாள். புள்ளிவிபரவியல், உயிரிரசாயனம் என்று நான்கும் அவள் பீடத்திலேயே நடப்பவை. இவற்றைக் கற்பதற்கு விமானம் ஏறவேண்டுமோ என்று கேட்டேன்.

“மாமா, அங்கை எடுத்ததை இங்கை ஏற்காட்டி ஒரு தவணை பிந்திப்போவன். என்னோடை படிச்ச பிள்ளையள் பட்டம் எடுக்க நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?” என்றாள்.

அவள் அச்சம் வீணன்று. ஐரோப்பாவில் ஒரு தவணைக்கு 30 கிரெடிற். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பிலோ ஓராண்டு முழுவதற்குமே 30 தான். இங்கே ஒரு கிரெடிற் 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். அங்கே 25 முதல் 30 மணி வரை. எனவே அவள் ஈட்டிவரும் 30, இங்கே 15 ஆகும். சுவீடனில் ஒரு பாடம் பெரும்பாலும் 7.5 கிரெடிற், நம் கணக்கில் மூன்றேமுக்கால். அந்த முக்காலை எங்கே பதிவதென்று நம் கந்தோர் எழுதுவினைஞர் தலையைச் சொறிவது என் கண்முன் தோன்றுகின்றது.

ஆயினும் அவள் போவது எந்த ஊருக்கு? லின்னேயஸ் பேராசிரியராக இருந்த ஊருக்கு. நம் தீவை ஒருநாளும் கண்டிராத அம்மனிதர், ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹேர்மன் இங்கே சேகரித்து உலர்த்திய செடிகளைக் கொண்டே 1747இல் ‘புளோரா சைலானிக்கா’ என்னும் நூலை இயற்றினார். நம் பனைக்கு 1753இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவரும் அவரே. அவருடைய மாணாக்கர் துன்பேர்க் 1777இல் இலங்கைக்கு வந்து செடி கொடிகளை ஆராய்ந்து திரிந்தார். அவர் சேர்த்த உலர்தாவரத் தொகுதி இன்றும் உப்சாலாவில் இருக்கின்றது. இத்தகைய இடத்துக்குப் போகும் தாவரவியல் மாணவி, தாவர வகைப்பாட்டையோ அத்துறையின் வரலாற்றையோ ஏறெடுத்தும் பாராமல் திரும்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அங்கே கற்பிக்கும் முறையும் வேறு. நம்மவர் ஐந்தாறு பாடங்களை ஒருங்கே சுமந்து தவணை முடிவிற் பரீட்சைக்கு விழித்திருப்பர். அங்கே பொதுவாக ஒரு பாடத்தை ஐந்து வாரம் படித்துப் பரீட்சை எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுவர். ஒன்றிலேயே தோய்ந்திருக்க அதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

நானும் ஒருகால் இவ்வாறு பிறநாட்டில் ஒரு தவணை படித்தவன். அறிந்த பாடங்களையே எடுத்து நல்ல புள்ளிகளும் பெற்றேன். அவற்றுள் ஒரு விரிவுரையேனும் இன்று நினைவில் இல்லை. குளிருக்கு வாங்கிய சப்பாத்துத்தான் நினைவிருக்கின்றது.

எனவே மூன்று பாடங்கள் பீடத்துக்காக இருக்கட்டும், நாலாவதை அவ்வூருக்காக எடு என்றேன். அதனை இங்கே ஏற்பரோ என்பதைத் துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்; வாய்ச்சொல் போதாது. பாடத்திட்டப் பிரதியையும் கூடவே கொடுக்கவேண்டும். ஏற்க மறுப்பாராயின், அந்த மூன்றேமுக்காலை இங்கே திரும்பிவந்து எந்தத் தவணையில் ஈடுசெய்யலாம் என்பதையும் அப்போதே கேட்கலாம். உயிரிரசாயனத்தின் மேல் ஒரு கோடு கிழித்துப் படிவத்தை எடுத்துச் சென்றாள். வெள்ளிக்கிழமை தலைவரைக் காணப்போகிறாளாம்.