நிலம் யாருடையது?

இருபரிமாணக் கணினி விளையாட்டுப் படைக்க விழையும் நண்பர்கள், "எந்த மென்பொருள் எளிது?" என்றே வினவுகின்றனர். "அதன் உரிமை யாரிடம்?" என்பதன்றோ முதல் வினா!

2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருவாயையும் நிறுவல் எண்ணிக்கையையும் கடந்த விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் கட்டணம் என அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, 2024 செப்டம்பரில் அதனைக் கைவிட்டது. கட்டணம் போயிற்று, அச்சம் போகவில்லை.

2014இல் மூலநிரலோடு வெளியிடப்பட்ட கோடோ, எம்.ஐ.டி. உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வருவாயில் பங்கு கேட்பதில்லை. இருபரிமாணத்திற்கெனத் தனி வரைமுறை உண்டு. அளவுகளும் படப்புள்ளிகளிலேயே அமைகின்றன. வேண்டுமெனில் மூலநிரலை நாமே திருத்தலாம்.

வேலை நாடுவோர் யூனிட்டியும் கற்கட்டும், தவறில்லை. ஆயின் கைப்பொருளற்ற மாணவர், தம் சொந்தப் படைப்பைக் கோடோவில் தொடங்குவதே நன்று என்பேன். விதை நம்முடையது, நிலமும் நம்முடையதாகட்டும்!