பெயரின் பொருளும் பெயர்ப்பின் பொறுப்பும்: ‘மேக்பை’ பறவையை முன்வைத்து

ஆங்கிலத்தில் ‘மேக்பை’ எனப்படும் பறவையின் பெயர் இரு கூறுகளால் ஆனது. ‘பை’ என்பது இலத்தீன் ‘பைக்கா’ என்பதன் வழிவந்த பழம்பெயர்; ‘மேக்’ என்பது மார்கரெட் என்னும் பெண்பெயரின் குறுக்கம். ஓயாது ஒலியெழுப்பும் பறவைக்குப் பெண்பெயர் சூட்டியமை, வம்பளத்தலைப் பெண்ணியல்பாகக் கருதிய மனப்பாங்கைக் காட்டுகிறது. சீனத்திலோ இது ‘ஷீச்சுவே’. முதற்கூறு மகிழ்ச்சியைக் குறிக்கும். ஏழாம் மாதத்து ஏழாம் நாளில், பிரிந்த காதலர் கூடுதற்கு விண்ணாற்றின் குறுக்கே இப்பறவைகள் பாலமாகும் என்பது அந்நாட்டுத் தொன்மம்.

ஆங்கிலம் வழியாகச் சீனக் கதைகளைத் தமிழாக்குங்கால் ‘மேக்பை’ என ஒலிபெயர்ப்பின், மகிழ்ச்சி மறைந்து வம்பே எஞ்சும். கருப்புவெள்ளை நிறம் கருதிக் ‘குண்டுக்கரிச்சான்’ என்பின் பறவையே மாறிவிடும். அது ஈப்பிடிப்பான் குடும்பத்தது, மேக்பையோ காக்கைக் குடும்பத்தது. இவ்வுறவு தமிழுக்கு வாய்ப்பானது. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்னும் நம்பிக்கையைக் குறுந்தொகை 210ஆம் பாடலில் பாடியமையாலேயே நச்செள்ளையார் காக்கைபாடினியார் எனப்பட்டார். சீனரும் மேக்பையின் குரலை நற்செய்தியின் வரவாகவே கொள்வர். ஆதலின் சீனச் சூழலில் ‘மகிழ்காக்கை’ என ஆள்வதே தகும். இனமும் பொருளும் ஒருங்கே நிற்கும் ஆக்கம் அது. இடைநின்ற மொழியின் மனச்சாய்வைத் தமிழ் சுமக்க வேண்டுவதில்லை.