சர்ச்கேட் சட்டக் கல்லூரியும் காமராஜ் நகர்க் குடிசையும்

சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கிக் கடலை நோக்கிச் சில நிமிடம் நடந்தால் ‘ஏ’ ரோட்டில் அரசு சட்டக் கல்லூரி நிற்கிறது. 1855-இல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையான சட்டக் கல்லூரி என்று அதற்குப் பெயர். தலையில் இட்லிக் கூடையோடு நம்மவர் எத்தனையோ பேர் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து மாடிகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். உள்ளே போனவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கல்லூரியில் படித்துப் பெரிய பதவிக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் நீளமானது. பாலகங்காதர திலகர், சுதந்திர இந்தியாவின் முதல் தலைமை நீதிபதி எச்.ஜே.கனியா, தலைமை நீதிபதி பி.என்.பகவதி, நானி பால்கிவாலா, பாலி நாரிமன், அட்டர்னி ஜெனரலாக இருந்த சோலி சொராப்ஜி. இவர்கள் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பாட்டாளிகளாகிய நமக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதைச் சொல்கிறீர்களே, யாருடைய வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கூடாதா?

திலகரிலிருந்தே தொடங்குவோம். 1879-இல் சட்டப் பட்டம் வாங்கினார். வக்கீல் தொழிலில் பணம் சேர்க்கப் போகாமல் பத்திரிகை நடத்தினார். 1908 ஜூலையில் ராஜத் துரோக வழக்கில் தமக்காகத் தாமே வாதாடினார். ஆறு ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அப்போது பம்பாயில் தெருவுக்கு வந்தவர்கள் யார்? பஞ்சாலைத் தொழிலாளர்கள்! ஆறு ஆண்டுத் தண்டனைக்கு ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதே 1908 ஜூலையில்தான் நம் வ.உ.சிதம்பரனாருக்கும் தண்டனை விழுந்தது. அவரும் வக்கீல். தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிக்காக நின்றவர். தண்டனையோடு வக்கீல் சன்னதையும் இழந்தவர். சட்டம் படித்தவன் உழைப்பவன் பக்கம் நின்றால் உழைப்பவன் அவனைக் கைவிடமாட்டான் என்பதற்கு இந்த ஒரு மாதமே சாட்சி.

அடுத்தவர் கனியா. 1950-இல் அவர் தலைமையில்தான் ஏ.கே.கோபாலன் வழக்கு வந்தது. தொழிலாளர் தலைவரான கோபாலன், விசாரணையே இல்லாமல் சென்னை அரசால் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். “உயிரையும் சுதந்திரத்தையும் காப்பதாக அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறதே, அதற்கு என்ன பொருள்?” என்பது கேள்வி. சட்டசபை ஒரு சட்டம் செய்து, அதில் சொன்ன முறைப்படி பிடித்து வைத்தால் போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் பொருள் சொன்னார்கள். கோபாலன் வெளியே வரவில்லை. அரசியல் சட்டம் நடப்புக்கு வந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது!

அதே கல்லூரியில் படித்த பகவதியைப் பாருங்கள். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், சிறையில் இருப்பவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது என்று தீர்ப்புச் சொன்ன நாலு நீதிபதிகளில் அவரும் ஒருவர். அது தவறு என்று 2011-இல் அவரே மன்னிப்புக் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டு கழித்து! ஆனால் அந்தக் கையே 1978-இல் மேனகா காந்தி வழக்கில் 21-ஆவது பிரிவை அகலத் திறந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமான முறையாகவும் இருக்கவேண்டும் என்று எழுதியது.

1982-இல் அதே கை நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றை எழுதியது. டில்லியில் ஆசிய விளையாட்டுக்காக அரங்கும் பாலமும் கட்டிய கூலிக்காரர்களுக்குச் சட்டப்படி நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 25 காசு தரவேண்டும். இடையில் நின்ற ஜமேதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று பகவதி தீர்ப்பெழுதினார். பசியும் ஒரு விலங்குதான் என்பதை உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்ட நாள் அது. ஊர் விட்டு ஊர் வந்து மேஸ்திரிக்குக் கமிஷன் அழுத நம் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு ரூபாயின் கணக்குத் தெரியும்.

ஒரே கல்லூரி, ஒரே சட்டப் பிரிவு. ஒருவர் சாத்தினார், மற்றவர் சாத்தவும் செய்தார், திறக்கவும் செய்தார். வேற்றுமை படிப்பில் இல்லை. எந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினார்கள் என்பதில்தான் இருக்கிறது. 1982-இல் கட்டடக் கூலிக்காரருக்காக ஒரு மக்கள் உரிமை அமைப்பு கடிதம் எழுதித் தட்டியது, கதவு திறந்தது.

பால்கிவாலா 1970-இல் வங்கி தேசியமயத்தை எதிர்த்துப் பங்குதாரருக்காக வாதாடி வென்றார். அதே ஆண்டு மன்னர்களின் மானியத்துக்காக வாதாடியும் வென்றார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் அவர் செய்த வாதம், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை யாரும் அழிக்க முடியாது என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் இன்று நாமும் நிற்கிறோம், மறுக்கவில்லை. பாலி நாரிமன் 1975-இல் நெருக்கடி நிலை வந்ததும் அரசு வக்கீல் பதவியைத் தூக்கி எறிந்தார். அந்தத் துணிவுக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் போபாலில் விஷவாயுவில் செத்தவர்கள் ஒரு பக்கமும் யூனியன் கார்பைடு மறுபக்கமும் நின்றபோது, அவர் கம்பெனியின் பக்கம் நின்றார். 1989-இல் 47 கோடி டாலரில் கணக்கு முடிந்தது. அந்த வழக்கை எடுத்ததற்காக அவரே பின்னாளில் வருந்தினார். வருத்தம் நல்லதுதான். நுரையீரல் வெந்தவனுக்கு அது மருந்தாகுமா?

இனி நம் கதைக்கு வருவோம்.

1981 ஜூலை 13. மழைக்காலம். பம்பாய் நடைபாதையில் வாழ்பவர்களை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப்போவதாக மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே அறிவித்தார். அவரும் பாரிஸ்டர் படிப்புப் படித்தவர்தாம்! சேலத்தில் வறட்சியால் வேலை இழந்து 1961-இல் பம்பாய் வந்த தமிழர் ஒருவர், தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய்க்கு வேலை பார்த்தார். தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுது, நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கட்டிக் குடியிருந்தார். ஜூலை 23 அன்று முனிசிபாலிட்டி ஆட்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். சேலத்தில் சோறு இருந்தால் அவர் ஏன் வருகிறார்?

வில்லே பார்லே பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் காமராஜ் நகர் என்று ஒரு பஸ்தி. 1960 வாக்கில் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த கூலிக்காரர்கள் கட்டிய குடிசைகள் அவை. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள், ஊருக்கு ஆகாதவர்கள் ஆனார்கள். அந்த மக்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். அங்கே நடந்ததை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதி வைக்கவேண்டும். நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்று அவர்கள் தரப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அக்டோபர் 15 வரை இடிக்காமல் விட்டால், பிறகு தடுக்கமாட்டோம் என்றும் உறுதி தரப்பட்டது. ஒரு கையெழுத்தில் ஒரு நகரமே போகப் பார்த்தது. அந்த உறுதிமொழியில் என்ன எழுதியிருந்தது என்பதைக் குடிசையில் எத்தனை பேர் படித்துப் பார்த்திருக்க முடியும்?

பிறகு உச்சநீதிமன்றத்தில் இந்திரா ஜெய்சிங் போன்ற வழக்குரைஞர்கள் வாதாடினார்கள். அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னதால், அந்தப் பழைய ஒப்புதல் குறுக்கே நிற்கவில்லை. 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் பிறந்து, தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து உச்சநீதிமன்றத்துக்குப் போன முதல் நீதிபதியான ஏ.வரதராஜனும் அந்த ஐவரில் ஒருவர். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்றது தீர்ப்பு. 1950-இல் சாத்திய 21-ஆவது பிரிவு, கூலிக்காரனின் வயிற்றுக்காகத் திறந்தது.

கைதட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. பொதுவாக நோட்டீஸ் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் இடிக்கவேண்டும். ஆனால் இந்த வழக்கில் அந்த விசாரணையை நாங்களே நடத்திவிட்டோம் என்ற முடிவுக்கு வந்தது. மழைக்காலம் முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை தவணை தந்தது. 1976 கணக்கெடுப்பில் பெயர் உள்ளவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. தந்த பிறகே இடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்த வழக்குக்கு ‘ஓல்கா டெல்லிஸ் வழக்கு’ என்று பெயர். அவர் நமக்காக வழக்குப் போட்ட பத்திரிகையாளர், நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அந்தச் சேலத்துக்காரர் ‘மற்றும் பிறர்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போனார். உரிமை புத்தகத்துக்கு வந்தது, குடிசை போயிற்று.

இது பழங்கதை அல்ல, தாய்மார்களே! 2024 மார்ச்சில் தாராவியில் புதுக் கட்டடத் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியதே, அங்கே கேட்டது என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்தீர்களா, தரைத்தளமா, மாடியா, சான்று எங்கே என்பதுதானே? 1976-இல் கேட்ட அதே கேள்வி! தகுதி உள்ளவருக்குத் தாராவியிலேயே வீடு, மற்றவருக்குத் தாராவிக்கு வெளியே என்று கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை ஒரு பழைய மின்சார பில் முடிவு செய்கிறது. அந்தப் பில்லோடு நாம் யாரிடம் ஓடுகிறோம்? ஏஜெண்டிடம்! காசையும் கொடுத்து, அசல் காகிதத்தையும் கொடுத்து, வெற்றுத்தாளில் கைநாட்டும் வைத்துவிட்டு வருகிறோம்.

குற்றம் முழுவதும் பிறர்மேல் போடவும் நமக்கு மனமில்லை. நம் பிள்ளைகளில் சிலர் சட்டம் படித்தார்கள். நாமும் மாலை போட்டோம். அவர்களில் எத்தனை பேர் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வீடு மாறிய பிறகு பஸ்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்? ஆண்டு விழா மேடைக்கு வருகிறார்கள். நோட்டீஸ் வந்த வீட்டுக்கு வருவதில்லை. அழைத்த நாமும், “தம்பி, இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் படித்துச் சொல்” என்று கேட்காமல் பொன்னாடைதானே போர்த்தினோம்?

எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அந்தக் கல்லூரியிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அவர் அங்கே படித்தவர் அல்லர். அங்கே முதல்வராக இருந்தவர். டாக்டர் அம்பேத்கர் 1935 முதல் 1938 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அதற்குச் சற்று முன்புவரை அவர் குடியிருந்தது எங்கே? பரேலில், தொழிலாளர் வாழும் சாலில்! முதல்வராக இருந்துகொண்டே 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமைக்கு வேட்டு வைத்த மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று பம்பாய்த் தொழிலாளர்களோடு நின்றார். பெரிய படிப்பும் சாலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று வாழ்ந்து காட்டினார்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். நம் ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒரு பிள்ளையாவது, அதிலும் ஒரு பெண்ணாவது, சட்டம் படிக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் ஐந்தாண்டுப் படிப்பு. பட்டம் வாங்கியிருந்தால் மூன்றாண்டு. மாநில நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். சர்ச்கேட் கல்லூரி அரசுக் கல்லூரி. தனியார் கல்லூரிபோலச் சொத்தை விற்கவேண்டியதில்லை. மஞ்சள் நீராட்டுக்குக் கடன் வாங்கும் நாம் இதற்கு வாங்கக் கூடாதா?

பிள்ளை படித்து வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவச வக்கீல் உண்டு. அது பிச்சை அல்ல, உரிமை, கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், பழைய மின்சார பில் மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். அசலை எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காமராஜ் நகர் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

அந்தக் கல்லூரியின் பெருமைப் பட்டியலில் இன்னும் இடம் இருக்கிறது. அதில் தாராவிப் பிள்ளையின் பெயர் ஏறட்டும். பெயருக்குக் கீழே, என்ன பதவி வகித்தார் என்பதற்கு முன்னால், எந்தக் குடிசைக்காக நின்றார் என்று எழுதும்படி செய்வோம்!