நெஞ்சில் கசியும் பால்நிற நீர்

நெஞ்சில் கோத்த நீரை மருத்துவர் ஊசியிட்டு எடுக்கையில், சிலருக்கு அது பாலைப் போல் வெண்மையாக வெளிவருவதுண்டு. உடனிருப்போர் சீழென்று அஞ்சுவர். ஆனால் அது நோயாளி உண்ட உணவின் சத்தைச் சுமந்த நிணநீராகவும் இருக்கலாம்.

குடல் உறிஞ்சும் கொழுப்பின் பெரும்பகுதி நேரே இரத்தத்தில் கலப்பதில்லை. நுண்துளிகளாகி நிணநீரில் கலந்து, முதுகெலும்பையொட்டி மேலேறும் மார்பு நிணக்குழாய் வழியே இடக்கழுத்தடியில் இரத்தத்தை அடைகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இவ்வாறு ஓடுகிறது. அறுவைச் சிகிச்சை, விபத்து, நிணக்கணுப் புற்றுநோய், காசநோய் ஆகியவற்றால் இக்குழாய் பழுதுற்றால் நெஞ்சறையில் நீர் கசியும். விழுப்புரம், திண்டிவனம் அடங்கிய பழைய தென்னார்க்காடு, யானைக்கால் நோய் நெடுங்காலம் வேரூன்றியிருந்த பகுதியாகும். அந்நோயின் புழுக்கள் நிணக்குழாய்களில் குடியிருப்பவை. அவற்றால் சிறுநீர் பால்போல் போவதுண்டு. மிக அரிதாக நெஞ்சிலும் கசியும்.

இந்நீரில் இருப்பவை யாவை? கொழுப்புத் துளிகள், 100 மில்லி லிட்டருக்கு 2 முதல் 6 கிராம் வரை புரதம், உப்புகள், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், நோயெதிர்க்கும் நிண அணுக்கள். ஆதலின் இது வெறும் கழிவுநீரன்று. நாள்தோறும் வெளியேற்றிக்கொண்டே இருந்தால் நோயாளி மெலிவார், எதிர்ப்பாற்றலும் குன்றும்.

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. 1622இல் இத்தாலிய மருத்துவர் அசெல்லி, உணவுண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலையொட்டி வெண்ணிறக் குழாய்களைக் கண்டார்; உண்ணாத நாயில் அவை தென்படவில்லை. அவ்வாறே, நோன்பிருப்பவருக்கும் பல நாள் உணவு கொள்ளாதவருக்கும் கசியும் நீர் வெண்மையின்றி இருக்கலாம். எனவே, கடைசியாக உண்ட நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். அந்நீரில் டிரைகிளிசரைடு 100 மில்லி லிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் நிணநீர்க் கசிவென்றே பெரும்பாலும் கொள்வர். ஐயமிருப்பின் கொழுப்புத் துளிகளையே தேடிப் பார்ப்பர். நாட்பட்ட காசநோயில் கொலஸ்டிரால் மிகுந்தும் நீர் வெண்மையாகலாம்; அது வேறு, அதன் சிகிச்சையும் வேறு.

நிணநீரென்று உறுதியானால் கொழுப்பு குறைந்த உணவும், தேங்காயெண்ணெய் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் எம்.சி.டி. எண்ணெயும் தருவர். அவ்வெண்ணெய் நிணக்குழாய்க்குச் செல்லாது நேரே இரத்தத்தில் கலப்பது. சமையல் தேங்காயெண்ணெய் அதற்கு ஈடாகாது. இதனால் கசிவு நிற்காவிடில், குழாயை அடைக்கும் சிகிச்சை உண்டு.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் இயங்கி வருகிறது. மூச்சுத் திணறலுடன் நெஞ்சில் நீர் கோத்தவரைக் கைவைத்தியத்தில் நாள் கடத்தாது மருத்துவமனையில் சேருங்கள். நீரை எடுத்ததோடு நின்றுவிடாமல், “அந்நீரில் என்ன இருந்தது?” என்றும் கேளுங்கள்.