இரண்டாம் வரிசையின் சிறப்பு

முதலிடத்தைப் போற்றுவதும் இரண்டாமிடத்தை மறப்பதும் உலகத்தியற்கை. விளையாட்டில் இவ்வியல்பு பெரிதும் வேரூன்றிவிட்டது. தேசிய அணியில் இடம்பெற்றவரே ஆட்டக்காரர் என்றும், ஏனையோர் வெறும் பொழுதுபோக்குவோர் என்றும் கருதுவார் பலர். இக்கருத்துப் பிழைபட்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நம் நகரங்களுக்கு இன்று வேண்டுவது இரண்டாம் வரிசைப் பந்தயமே என்பது எம் துணிபு. இதனைக் கூடைப்பந்தாட்டத்தின் வரலாற்றினின்று ஓர் உதாரணங்கொண்டு விளக்குவோம்.

கூடைப்பந்தாட்டம் நம்மனைய கல்லூரிகட்கு அயலானதன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இதனை வகுத்தார். குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணாக்கர் கூடத்தினுள்ளேயே ஆடுதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழக்கூடைகள் இரண்டும் ஒரு பந்துமே அவர் கொண்ட கருவிகள். நம் நாட்டில் இவ்வாட்டம் பரவியதற்கும் அச்சங்கமே பெருங்காரணம். ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் தொடங்கிய அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பள்ளியிற் பயின்று வெளிப்போந்த ஆசிரியர்கள் பள்ளிதோறும் இத்தகைய ஆட்டங்களைப் பயிற்றுவித்தனர்.

இனி ஐரோப்பாவை நோக்குவோம். அங்கே 1958-இல் தொடங்கிய சாம்பியன்கள் கோப்பையே கழகங்களின் முதல் வரிசைப் பந்தயம். அதற்கடுத்த நிலையில், கோப்பை வென்றோர் கோப்பை என்னும் பந்தயம் 1966-67-இல் ஏற்பட்டது. இதன் இரண்டாம் பருவமாகிய 1967-68 நினைவிற் கொள்ளத்தக்கது. அப்பருவத்தில் ஏதென்ஸ் நகரின் ஏ.ஈ.கே. கழகம் அரையிறுதியை எய்தியது. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து அகதிகளாய் வந்து குடியேறிய கிரேக்கர் 1924-இல் நிறுவிய கழகம் அது. அதனை எதிர்த்தது முந்தைய ஆண்டின் வெற்றியாளராகிய இத்தாலி நாட்டு வரேசே நகரத்து இக்னிஸ் அணி.

அப்பந்தயத்தின் முறை கவனிக்கத்தக்கது. இரு கழகங்களும் தத்தம் ஊரில் ஒருமுறையும் எதிரியின் ஊரில் ஒருமுறையும் ஆடும். ஈராட்டத்துப் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி துணியப்படும். வரேசேயில் ஏ.ஈ.கே. 60-க்கு 78 எனத் தோற்றது. பதினெட்டுப் புள்ளி என்பது சிறு வேறுபாடன்று. ஆயினும் ஏதென்ஸில் நடந்த மறு ஆட்டத்தில் அது 72-க்கு 52 என வென்றது. கூட்டுத்தொகை 132-க்கு 130. இரண்டே புள்ளிகளால் அக்கழகம் இறுதியாட்டத்துட் புகுந்தது!

1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் இறுதியாட்டம் நிகழ்ந்தது. 1896-இல் முதல் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்ற ஏதென்ஸின் சலவைக்கல் அரங்கமே களம். ஏறத்தாழ எண்பதினாயிரம் மக்கள் அங்கே குழுமினர் என்பர். பிராக் நகரத்து ஸ்லாவியா அணியை ஏ.ஈ.கே. 89-க்கு 82 என வென்றது. கூடைப்பந்தில் கிரேக்கக் கழகமொன்று ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. அக்கூட்டத்தில் எவரேனும், "இஃது இரண்டாம் வரிசைக் கோப்பைதானே!" என்று வீட்டிலிருந்துவிட்டனரோ? தம் ஊர் அணி ஆடுகின்றது, அது போதுமாயிருந்தது.

நம் நிலை யாது? நம் பக்கத்துப் பந்தயங்கள் பல, சில நாள்களில் முடிந்துவிடுவன. ஒருமுறை தோற்ற அணி அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆண்டு முழுதும் பயின்ற பிள்ளைக்குக் கிட்டுவது ஒரே ஆட்டம். தன் பிழையைக் கண்டு திருத்தி, அதே எதிரியை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு அவனுக்கில்லை. ஏ.ஈ.கே.யும் அங்ஙனம் ஒரே ஆட்டத்தோடு வெளியேற்றப்பட்டிருப்பின், அவ்வெண்பதினாயிரவர் கூடியிருப்பரோ?

ஆதலின் யாம் வேண்டுவது இது. இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்றற்கொன்று பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே தொலைவுடையன. சிவகாசியும் விருதுநகரும் நெடுந்தொலைவல்ல. இவ்வூர்களின் அணிகள், ஆடவரும் மகளிரும், ஆண்டுதோறும் சில மாதங்கள், ஞாயிறு மாலைகளில் ஓரூர் மற்றோரூர்க்குச் சென்று ஆடும் ஒழுங்கான பருவமொன்றை அமைத்தல் வேண்டும். தமிழகத்தின் அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றதைக் கேட்டு மகிழ்கின்றோம். ஏணியின் உச்சியைக் கண்டு மகிழ்வோர் அதன் கீழ்ப்படிகளையும் அமைத்தலன்றோ முறை?

பொருட்செலவாகும் என்பாருளர். பேருந்துக் கட்டணமும் ஒரு பந்தின் விலையும் நூற்பாலைகள் நிறைந்த நகரத்திற்குப் பெருஞ்சுமையாகா. படிப்புக் கெடும் என்பாருளர். வாரத்தில் ஒரு மாலையாற் கெடும் படிப்பு, வேறெதனாலும் கெடும். ஊர்ப்பகை மூளும் என்பாருளர். ஒருமுறை மோதிப் பிரிவோர்க்கே பகை. இந்த வாரம் விருந்தினனாய்ச் சென்றவன் அடுத்த வாரம் விருந்தோம்ப வேண்டியவனாதலின், நாவடக்கம் தானே வரும். மேலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றவர்க்கும் பால்கோவா உண்டு!

ஊர் கூடித் தேரிழுக்கும் வகையை ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வடத்தின் முதற்பிடியைப் பிடித்தவர் மட்டுமே இழுத்துத் தேர் நிலைக்கு வந்ததில்லை. இவ்விரு நகரங்களிலும் உள்ள நம் கல்லூரிப் பழைய மாணவர்கள் இதனைச் சிந்தித்து, வரும் ஆண்டிலேயே இரண்டே அணிகளைக் கொண்டேனும் தொடங்குவாராக.