ஒழுக்கும் ஒழுக்கமும்

அம்பாசிடர், பியட் கார் வைத்திருந்தவர்களுக்கு மஞ்சள் தூள் வைத்தியம் ஞாபகம் இருக்கும். வழியில் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தால், டிரைவர் மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி உள்ளே கொட்டுவார். தூள் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வண்டி எப்படியோ ஊர் போய்ச் சேரும். மறுநாள் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றி ஈயப்பற்று வைப்பார்கள். வைத்தியத்தின் இரண்டாம் பாதி அது.

இப்போது அதே வேலையைச் செய்ய 'ஸ்டாப் லீக்' என்று புட்டியில் விற்கிறார்கள். உள்ளே சோடியம் சிலிகேட்டோ, நுண்ணிய நார்த் துகள்களோ இருக்கும். தத்துவம் பழையதுதான். ஆனால் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு ஆட்சேபம் அங்கேதான்.

அடைக்கும் மருந்துக்கு எது ஓட்டை, எது வழி என்று முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரேடியேட்டரின் குழாய்கள் குறுகலானவை. ஹீட்டரின் குழாய்கள் இன்னும் குறுகல். அளவு மீறி ஊற்றினால் அங்கேயும் படியும். கசிவு நிற்கும், இஞ்சின் சூடேறும். கூலண்ட்டை மாற்றாமல் பல வருஷம் ஓட்டிய வண்டியில், ஏற்கெனவே துரு படிந்திருப்பதால் ஆபத்து அதிகம்.

பழைய பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்துப் பிழைக்க வைக்கலாம். இன்றைய ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம்; இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவே ரப்பர் வளையம். பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டால் புட்டி மருந்து அதிக நாள் தாங்காது. உள்ளே இருப்பது சும்மா கிடக்கிற தண்ணீர் அல்ல. மூடி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கசிவு ரேடியேட்டரில்தானா என்றும் முதலில் பாருங்கள். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம். மூடியின் ரப்பர் செத்திருக்கலாம். வாட்டர் பம்ப் சொட்டலாம். இதற்கெல்லாம் புட்டி மருந்து பதில் இல்லை. கிளிப்பை முடுக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

ராத்திரி நேரம், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நிற்கிறீர்கள் என்றால் தாராளமாக ஊற்றுங்கள். இஞ்சின் ஆறிய பிறகு, புட்டியில் சொன்ன அளவு மட்டும். சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வீடு வந்து சேருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் ஊற்றியதை மறைக்காமல் சொல்லி, எல்லாவற்றையும் வடித்துக் கழுவி, ரேடியேட்டரைச் சரி செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். பென்ஷன்காரருக்கு அந்தச் செலவு கசக்கும், தெரியும். ஆனால் சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் வரும் செலவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒன்று. கசிவை அடைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் காரை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் யாரோ ஒரு இளைஞர், கடன் வாங்கி முதல் கார் வாங்குகிறவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு அவர் மலைப்பாதை ஏறும்போதுதான் அந்த அடைப்பு விடும். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லி விற்பதே மரியாதை. ஒழுக்கை அடைக்க ஆயிரம் மருந்து உண்டு. ஒழுக்கத்தில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஒன்றும் கிடையாது.