சூடேறாத சீட்டும் பத்து ரூபாய் ஃபியூஸும்

கெங்குவார்பட்டியில் நின்றுகொண்டு "சூடாகும் கார் சீட்" என்று பேச்செடுத்தால் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காரில் ஏறினால், எந்த சுவிட்சையும் போடாமலேயே சீட் சுடும் ஊர் அது! ஆனால் பக்கத்தில் காட்ரோட்டில் திரும்பி மலை ஏறினால் கதையே வேறு. சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர் அப்போதுதான் அந்த சுவிட்சைத் தேடுவார். அமுக்கினால் விளக்கு எரியும், சீட் மட்டும் சூடாகாது.

வருஷத்தில் நாலு நாள் பயன்படும் வசதி என்பதால் அது எப்போது கெட்டுப்போனது என்பதே அவருக்குத் தெரியாது. ஒருவேளை வாரண்டி முடிவதற்கு முன்பே கெட்டிருக்கலாம். இனி அதை எப்படி நிரூபிப்பது?

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் காடிலாக் 1966 மாடல் காரிலேயே சூடாகும் சீட் வந்துவிட்டது. டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்கு ஜனவரி மாதத்தில் இது ஆடம்பரமே அல்ல, அவசியம். உள்ளே இருக்கும் சங்கதியும் எளிமையானது. இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போல ஒரு சூடாகும் கம்பி, சூட்டை அளக்கும் ஒரு சென்சார், ஒரு சுவிட்ச், ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ். அவ்வளவுதான்.

பழுதைத் தேடவும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி சார்ஜ் குறைந்தால் பல கார்கள் இந்த வசதியைத் தானாகவே நிறுத்திவிடும். அடுத்து, இரண்டு சீட்டும் சூடாகவில்லையா, ஒன்று மட்டுமா? இரண்டும் இல்லை என்றால் பெரும்பாலும் பொதுவான ஃபியூஸ் அல்லது ரிலேயில்தான் கோளாறு. ஒன்று மட்டும் என்றால் அந்த சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளியே அங்குள்ள ஒயர் இழுபடும், கனெக்டர் கழன்றுவிடும். அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். கம்பி நன்றாக இருந்தால் சில ஓம் மட்டுமே காட்டும். அறுந்திருந்தால் மின்தடை முடிவிலி. சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி ஏறுவது கம்பி அறுந்துபோக ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு எச்சரிக்கைகள். போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றும் நம்மூர் வைத்தியம் இங்கே கூடவே கூடாது, சீட்டே தீப்பிடிக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்கக் கூடாது.

ஆக, கோளாறு பத்து ரூபாய் ஃபியூஸாகவும் இருக்கலாம், பல ஆயிரம் ரூபாய் சீட் உறையாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத் தேவை ஒரு ஒயரிங் படம். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். புதிய கார்களில் சீட்டும் ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது. அதன் பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவியும் படமும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டுமே இருந்தால், மலையடிவாரத்து மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்? "மொத்தமாக மாற்றணும் சார்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் தலையாட்டுவதைத் தவிர வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை. வணிகவியல் பாடத்தில் போட்டியில்லாச் சந்தை என்று படிப்பது இதைத்தான்.

இது வெறும் புலம்பல் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்காக ஒரு இணையதளத்தையே தொடங்கியது. கார்களும் அதில் ஒரு பிரிவு.

அதே 2022-ல் பி.எம்.டபிள்யூ செய்ததையும் சொல்ல வேண்டும். காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் சூடாகும் சீட்டை இயக்க மாதச் சந்தா! தென் கொரியாவில் அது மாதம் சுமார் 18 டாலர். உலகமே கேலி செய்த பிறகு 2023-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டால் எவ்வளவு பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

"தெரியாதவர்கள் கை வைத்தால் ஆபத்து" என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்க்கரை நோயால் கால், தொடை மரத்துப்போனவர்களுக்கு சூடு தெரியாது. சென்சார் வேலை செய்யாத சீட் அவர்களைப் புண்ணாக்கிவிடும். ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காக விவரத்தை மறைத்தால் ஆபத்து கூடத்தானே செய்யும்? படம் கையில் இருப்பவர் சரியான ஒயரைத் தொடுவார். இல்லாதவர் குத்துமதிப்பாகத்தான் தொடுவார்.

எனவே கார் வாங்கும்போது மைலேஜோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உதிரி பாகம் வெளியே கிடைக்குமா? சர்வீஸ் மேனுவல் தருவீர்களா? வாரண்டி முடிவதற்குள், வெயில் காலமானாலும் பரவாயில்லை, எல்லா சுவிட்சையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழுது என்று சொன்னால், "ஃபியூஸைப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சலுகை அல்ல, உரிமை!